மக்கள் தீர்ப்பும் சந்தையின் தீர்ப்பும்: 2024 இந்தியப் பொதுத்தேர்தலை முன்வைத்து ஒரு நோக்கு

தேர்தல் என்பது ஒரு நாட்டு மக்கள் தம்மை ஆள்வோரைத் தெரிவு செய்யும் நிகழ்ச்சி என்பது பாடநூல்கள் தரும் விளக்கம். இவ்விளக்கம் பிழையானதன்று, ஆனால் முழுமையானதுமன்று. வாக்காளர் ஒருவர் வாக்குச்சீட்டில் புள்ளடியிட்டோ, இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியோ வீடு திரும்பிய பின், அவர் சொன்னது யாது என்பதை எடுத்துரைக்கும் பொறுப்பை வேறு சில நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. தொலைக்காட்சியும் நாளிதழும் அவர் கருத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்கின்றன. பங்குச் சந்தை அக்கருத்துக்கு விலை குறிக்கின்றது. இணையத் தளங்களை நடத்தும் பெருநிறுவனங்கள் எது பரவலாம், எது பரவலாகாது என வரையறுக்கின்றன. இம்மூன்றும் மக்களின் குரலைக் கேட்டு அதற்கேற்ப வினையாற்றுவனவாகவே தம்மைக் காட்டிக்கொள்கின்றன. உண்மையில் இவை கேட்பது மக்களின் குரலையா, அன்றித் தமது எதிர்பார்ப்பின் எதிரொலியையா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு 2024ஆம் ஆண்டின் இந்தியப் பொதுத்தேர்தல் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு ஏப்ரல் 19ஆந் திகதி தொடங்கி யூன் 1ஆந் திகதி வரை ஏழு கட்டங்களாக வாக்களிப்பு நடைபெற்றது. 96 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராகப் பதிவு செய்யப்பட்டிருந்தனர். அவர்களுள் 64 கோடிக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். வாக்குகள் எண்ணப்பட்ட நாள் யூன் 4. இறுதிக் கட்ட வாக்களிப்பு முடிந்த மாலைக்கும் வாக்கெண்ணத் தொடங்கிய காலைக்கும் இடைப்பட்ட காலம் மூன்று நாள்களுக்கும் குறைவானது. மக்கள் பேசி முடித்துவிட்ட, ஆனால் அவர்கள் பேசியதை எவரும் அறிந்திராத காலம் அது. அந்தச் சிறிய இடைவெளியில் நடந்தேறியவை பல உண்மைகளை நமக்குப் புலப்படுத்துகின்றன.

வாக்களித்து வெளியேறுவோரிடம் கேட்டுத் தயாரிக்கப்படும் கணிப்புகளை, வாக்களிப்பு நடைபெறும் காலத்தில் வெளியிடுவதை இந்தியச் சட்டம் தடை செய்கின்றது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துக்கு 2009இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இதற்கு வழி செய்தது. முந்தி வாக்களித்தோரின் போக்கு, பிந்தி வாக்களிப்போரைத் திசைதிருப்பலாகாது என்பதே இதன் நோக்கம். எனவே யூன் 1ஆந் திகதி மாலை தடை நீங்கியதும் தொலைக்காட்சிகள் யாவும் ஒரே வேளையில் தம் கணிப்புகளை வெளியிட்டன. ஆளும் தேசிய சனநாயகக் கூட்டணிக்கு 543 இடங்களுள் 350க்கு மேல் கிடைக்கும் என்பது அவற்றுட் பெரும்பாலானவற்றின் முடிபு. ஆக்சிஸ் மை இந்தியா என்னும் கணிப்பு நிறுவனம் 361 முதல் 401 வரை என்றது. நானூறைத் தாண்டுவோம் என்பதையே ஆளுங்கட்சி தேர்தலுக்கு முன்பிருந்து தன் முழக்கமாகக் கொண்டிருந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பிரசார மேடையில் ஒலித்த எண்ணும் ஆய்வின் பெயரால் வெளியான எண்ணும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

யூன் 4ஆந் திகதி எண்ணப்பட்ட வாக்குகள் வேறொரு கதையைச் சொல்லின. 2019இல் 303 இடங்களைப் பெற்ற பாரதிய ஜனதாக் கட்சி 240 இடங்களையே பெற்றது. தனிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272 அதற்குக் கிட்டவில்லை. தோழமைக் கட்சிகளையும் சேர்த்து 293 இடங்களுடன் நரேந்திர மோடி மூன்றாவது தடவையாகப் பிரதமரானார். 80 தொகுதிகளைக் கொண்ட உத்தரப் பிரதேசத்தில் அவரது கட்சி 62 இடங்களிலிருந்து 33 இடங்களுக்கு இறங்கியது. சனவரி 22ஆந் திகதி இராமர் கோயிலின் பிரதிட்டை நிகழ்ந்த அயோத்தி நகரை உள்ளடக்கிய பைசாபாத் தொகுதியிலேயே சமாஜ்வாதிக் கட்சி வெற்றி பெற்றது. அந்தப் பிரதிட்டை விழாவை நாள் முழுவதும் ஒளிபரப்பித் தேர்தலின் முடிவே அதுதான் என்பதுபோற் பேசிய தொலைக்காட்சிகள், அத்தொகுதி மக்களின் மனத்தை அறியத் தவறிவிட்டன.

முடிவுகள் வெளிவந்துகொண்டிருந்த வேளையில் ஆக்சிஸ் மை இந்தியாவின் தலைவர் தொலைக்காட்சி நேரலையிலேயே கண்ணீர் விட்டார். அக்காட்சி பலராலும் பகிடி பண்ணப்பட்டது. ஆயினும் இத்தவறைத் தனியொரு மனிதரின் தவறாகக் கொள்வது பொருந்தாது. பாரதிய ஜனதாக் கட்சியின் வாக்கு வீதம் ஏறத்தாழ ஒரு புள்ளியே குறைந்தது. இடங்களோ 63 குறைந்தன. வாக்குகளை இடங்களாக மாற்றும் தொகுதிவாரித் தேர்தல் முறையில் சிறு சரிவு பெருஞ் சரிவாக முடியக்கூடும். இதனை முன்னறிவது எவருக்கும் எளிதன்று. ஆனால், எளிதல்லாத ஒன்றை எளிதானதுபோலவும், ஐயத்துக்குரிய ஒன்றை ஐயமற்றதுபோலவும் மூன்று நாள்களாகக் காட்டியது கணிப்பாளரின் தவறு மட்டுமன்று. அதனை நிகழ்ச்சியாக்கிய ஊடகத்தின் தவறுமாகும்.

இங்கு இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் லோக்நீதி - சி.எஸ்.டி.எஸ். ஆய்வாளர் வெளியிட்ட, தேர்தலுக்கு முந்திய ஆய்வொன்றில், தமக்கு முதன்மையான பிரச்சினை வேலையில்லாமையே என்று 27 வீதத்தினரும், விலைவாசியே என்று 23 வீதத்தினரும் கூறியிருந்தனர். மக்களிடம் எது உம்மை வருத்துகின்றது என்று கேட்டவர்களுக்கு ஒரு விடை கிடைத்தது. எவர் வெல்வார் என்று மட்டும் கேட்டவர்களுக்கு வேறொரு விடை கிடைத்தது. முன்னைய வினாவுக்குக் கிடைத்த விடை ஓரிரு நாள் செய்தியாகி மறைந்தது. பின்னைய வினாவே தொலைக்காட்சித் திரையை நிறைத்தது. குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை முந்தும் என்று பார்ப்பவருக்குக் குதிரையின் பசி தெரிவதில்லை.

இனிச் சந்தைக்கு வருவோம். யூன் 3ஆந் திகதி திங்கட்கிழமை மும்பாய்ப் பங்குச் சந்தை திறந்தபோது ஒரு வாக்கேனும் எண்ணப்பட்டிருக்கவில்லை. அன்று முப்பது பெருங் கம்பனிகளின் விலைகளைக் கொண்டு கணிக்கப்படும் சென்செக்ஸ் சுட்டெண் 2,507 புள்ளிகள் உயர்ந்தது. மறுநாள் வாக்குகள் எண்ணப்பட எண்ண அது வீழ்ந்துகொண்டே சென்று, மாலையில் 4,390 புள்ளிகள் குறைந்து 72,079இல் முடிந்தது. ஒரே நாளில் 5.7 வீத வீழ்ச்சி இது. பங்குகளின் மொத்தப் பெறுமதியில் ஏறத்தாழ 31 இலட்சம் கோடி ரூபா அன்று மறைந்தது. யூன் 5ஆந் திகதி சுட்டெண் மீண்டும் 2,300 புள்ளிகள் ஏறியது. யூன் 7ஆந் திகதி அது வீழ்ச்சிக்கு முந்திய உயரத்தையும் தாண்டிவிட்டது.

இந்நாள்களில் நிகழ்ந்ததை ஒழுங்குபடுத்திப் பார்த்தால் ஒரு வட்டம் புலப்படும். அரசியல்வாதிகள் ஓர் எண்ணை முழங்கினர்; ஊடகங்கள் அதனைக் கணிப்பாக்கின; சந்தை அக்கணிப்பை விலையாக்கியது; அந்த விலை உயர்வையே நாட்டின் நம்பிக்கைக்குச் சான்றாக ஊடகங்கள் மீண்டும் காட்டின. இவ்வட்டத்துள் வாக்காளர் எங்கும் இல்லை. யூன் 3ஆந் திகதி சந்தை கொண்டாடியது மக்கள் தீர்ப்பையன்று; அதற்கு முன்னரே எழுதி வைக்கப்பட்ட தீர்ப்பை. யூன் 4ஆந் திகதி ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட அதிர்ச்சியும், தான் எழுதிய தீர்ப்பு மெய்யான தீர்ப்பாக அமையாமையால் ஏற்பட்ட அதிர்ச்சியே.

இவ்வட்டத்துள் அகப்பட்டு இழப்புற்றோர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டியதே. இந்தியாவில் பங்குகளை வைத்திருப்பதற்கான இலத்திரனியல் கணக்குகளின் எண்ணிக்கை 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டியிருந்தது. கைத்தொலைபேசிச் செயலி மூலம் சிறு தொகைகளைக் கொண்டு பங்கு வாங்கும் இளைஞர் பலர் இதனுள் அடங்குவர். அவ்வாண்டு மே மாதத்தில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, யூன் 4க்கு முன்னர் பங்குகளை வாங்கிவைக்கலாம் என்ற பொருளில் நேர்காணலொன்றிற் பேசியிருந்தார். முடிவுகளின் பின் சந்தை புதிய உச்சங்களைத் தொடும் என்று பிரதமரும் கூறியிருந்தார். யூன் 6ஆந் திகதி காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவரான ராகுல் காந்தி இதனைப் பெரும் மோசடி என்று சாடி, பாராளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை வேண்டுமென்றார். ஆளுங்கட்சி அக்குற்றச்சாட்டை மறுத்து, இந்திய முதலீட்டாளர் நன்மையே அடைந்தனர் என்றது. மோசடி நடந்ததா என்பதைத் தீர்ப்பது நமது வேலையன்று. தேர்தலில் போட்டியிடுவோரே சந்தையின் ஆலோசகராகவும் விளங்குவது முறையா என்று கேட்பது நமது வேலை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். எதிர்காலத்தை எண்ணி இன்றைய விலையைக் குறிப்பதே சந்தையின் இயல்பு. ஆட்சி மாறினாற் கொள்கை மாறும், கொள்கை மாறினால் இலாபம் மாறும். ஆகவே சந்தை அசைவது நியாயமே எனலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அதே உண்மை, சந்தை முழுவதும் ஒரே மனமுடையது என்ற எண்ணத்தைத் தகர்த்துவிடுகின்றது. யூன் 4ஆந் திகதி அரசாங்கத்துக்குரிய வங்கிகளினதும் மின்துறைக் கம்பனிகளினதும் பங்குகள் கடுமையாக வீழ்ந்தன. அதே நாளில், சவர்க்காரம் முதலிய வீட்டுப் பாவனைப் பொருள்களை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர் கம்பனியின் பங்கு விலை உயர்ந்தது. பலமிழந்த அரசாங்கம் கிராமத்து ஏழைகளுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டிவரும், அவர்கள் கையிற் காசு புழங்கும் என்று சிலர் கணக்குப் போட்டனர். ஒருவரின் இழப்பு இன்னொருவரின் ஆதாயமாக இருந்த அந்த நாளை, சந்தை மக்கள் தீர்ப்பைக் கண்டு அஞ்சியது என்ற ஒற்றை வாக்கியத்தில் அடக்கிவிட முடியாது.

சந்தையின் அச்சத்தை நாட்டின் எதிர்காலம் பற்றிய தீர்க்கதரிசனமாகக் கொள்வோருக்கு வரலாறும் துணை நிற்கவில்லை. 2004இல் ‘ஒளிரும் இந்தியா’ என்ற முழக்கத்துடன் தேர்தலைச் சந்தித்த வாஜ்பாய் அரசாங்கம், கணிப்புகளுக்கு மாறாகத் தோற்றது. இடதுசாரிகளின் ஆதரவுடன் காங்கிரஸ் ஆட்சியமைக்கும் என்ற நிலையில், அரசுக் கம்பனிகளை விற்பதை அவர்கள் தடுப்பர் என்ற அச்சம் பரவியது. மே 17ஆந் திகதி சென்செக்ஸ் 11 வீதத்துக்கு மேல் வீழ்ந்து 4,505இல் முடிந்தது. வணிகம் இரு தடவை நிறுத்தப்பட்டது. ஆனால் அதே இடதுசாரிகளின் ஆதரவுடன் நடந்த ஆட்சியிலேயே, 2008 சனவரியில், அச்சுட்டெண் 20,000ஐத் தாண்டி நான்கு மடங்குக்கும் மேலாகியது. 2009 மே 18ஆந் திகதி, இடதுசாரிகளின் துணை தேவைப்படாமலே காங்கிரஸ் கூட்டணி வென்றதைக் கேட்டுச் சுட்டெண் 17 வீதம் உயர்ந்தது. உயர்வுக்குரிய எல்லையை மீறியதால் அன்றைய வணிகம் நிறுத்தப்பட்டது. அவ்வளவு மகிழ்ச்சியுடன் வரவேற்கப்பட்ட அவ்வாட்சி ஊழற் குற்றச்சாட்டுகளுள் மூழ்கி 2014இல் படுதோல்வியடைந்தது. அஞ்சியபோதும் மகிழ்ந்தபோதும் சந்தை வெளியிட்டது தன் அன்றைய மனநிலையையே.

மூன்றாவது தரப்பாகிய இணையத் தளங்கள் இவற்றினும் சிக்கலானவை. அவை மக்கள் தாமே பேசும் களம் என்று கூறப்படுகின்றது. இக்கூற்றை முற்றாக மறுத்தற்கில்லை. அதானி குழுமம் என்.டி.ரி.வி. தொலைக்காட்சியைத் தன்வசமாக்கியபோது, 2022 நவம்பரில் அங்கிருந்து விலகிய பத்திரிகையாளர் ரவீஷ் குமார், பின்னர் யூரியூப் தளத்திலேயே தம் குரலைத் தொடர்ந்து ஒலித்தார். அக்குழுமத்தின் முதன்மைக் கம்பனியின் பங்கு 2024 யூன் 4ஆந் திகதி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு விலை இழந்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், ஊடகமும் மூலதனமும் எத்துணை நெருங்கியவை என்பதும், அந்நெருக்கத்துக்கு வெளியே ஒரு திண்ணை எத்துணை அவசியமானது என்பதும் விளங்கும்.

எனினும் அந்தத் திண்ணையும் பொதுத்திண்ணையன்று, உரிமையாளருடைய திண்ணை. 2024 ஏப்ரலில் தேர்தல் ஆணையம் இட்ட கட்டளைக்கிணங்க, அரசியற் கட்சிகளும் தலைவர்களும் இட்ட நான்கு பதிவுகளை எக்ஸ் தளம் தேர்தல் முடியும்வரை மறைத்தது; மறைத்துக்கொண்டே, இச்செயலில் தனக்கு உடன்பாடில்லை என்றும் அறிவித்தது. அதே மாதத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு திரைப்பட நடிகர்களின் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கிய ஒளிப்பதிவுகள் பரவின. அத்தகைய போலிப் பதிவுகளை, அவை கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று மணித்தியாலத்துள் நீக்க வேண்டுமென மே 6ஆந் திகதி ஆணையம் கட்சிகளைப் பணித்தது. கைத்தொலைபேசியில் ஒரு பொய் பரவுதற்கு மூன்று மணித்தியாலம் வேண்டியதில்லை. விளம்பரத்துக்குக் கட்சிகள் செலுத்திய பணத்தைப் பெற்றுக்கொள்வதில் இத்தளங்களுக்கு எவ்வித தயக்கமும் இருக்கவில்லை. எதை அகற்றுவது, எதை விடுவது என்ற வினா எழுந்தபோதே தயக்கம் பிறந்தது. தேர்தலின்போது இவை அரசுக்கு அஞ்சும், பயனாளருக்கு விளக்கம் கூறும், விளம்பரதாரருக்கு நன்றி பாராட்டும். வாக்காளர் என்ற ஒருவரை இவை அறிவதில்லை.

ஆக, மூன்று தரப்புக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. அதனைத் தமிழ் பயில்வோராகிய நாம் மொழிவழியாக எளிதில் இனங்காணலாம். மக்களைச் சுட்டுவது உயர்திணை, ஏனையவை அஃறிணை என்பது தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே வகுத்த பாகுபாடு. இன்றைய செய்தி மொழியில் இப்பாகுபாடு தலைகீழாகி நிற்கின்றது. சந்தை அஞ்சுகின்றது, மகிழ்கின்றது, ஏமாற்றமடைகின்றது, நம்பிக்கை இழக்கின்றது. மக்களோ வாக்கு வங்கியாகவும், வீதமாகவும், இடங்களாகவும், அலையாகவும் சுட்டப்படுகின்றனர். வினைமுற்று அஃறிணையாகவே இருப்பினும் உணர்ச்சி முழுவதும் சந்தைக்கு வழங்கப்பட்டுவிடுகின்றது. அஞ்சுபவருக்கே ஆறுதல் கூறப்படும். எனவே தேர்தல் முடிந்ததும் புதிய ஆட்சியாளர் முதலில் ஆறுதல் கூறுவது வாக்களித்த மக்களுக்கன்று, சந்தைக்கே. சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் நாம் கண்ட சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேரம் பேசினர். அச்சந்தையின் பெயரைப் பெற்றுக்கொண்ட இச்சந்தைக்கு முகமில்லை. ஆனால் மனம் மட்டும் இருப்பதாகச் சொல்லப்படுகின்றது.

இஃது இந்தியாவுக்கு மட்டும் உரிய நிலையன்று. நம் நாட்டில் 2024 செப்ரெம்பர் 21ஆந் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரு நாள்களுக்கு முன்னரே சர்வதேசக் கடன்முறி உரிமையாளர்களுடனான உடன்பாடு அறிவிக்கப்பட்டது. எவர் ஆளப்போகின்றார் என்பதை மக்கள் சொல்லுமுன்னரே, ஆளப்போகின்றவர் எதனைச் சுமக்க வேண்டும் என்பது பெருமளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட அத்தேர்தலில், முதல் எண்ணிக்கையில் 42.31 வீத வாக்குகளைப் பெற்றிருந்த அநுர குமார திசாநாயக்க வென்றார். திங்கட்கிழமை நம் நாட்டின் டொலர்க் கடன்முறிகளின் விலை சரிந்தது. நவம்பரில் அவரது கூட்டணி 225 இடங்களுள் 159ஐப் பெற்றது. டிசெம்பரில் கடன்முறி மாற்றீடும் நிறைவேறியது. இச்சரிவையும் மீட்சியையும் ஆர்வத்துடன் எழுதிய பேனாக்களுள், எட்டுப் பேருக்கு ஒரு தேங்காய் வாங்கும் குடும்பம் தன் வாக்கினால் எதனை எதிர்பார்த்தது என்று எழுத முனைந்தவை எத்தனை என்று நாம் கேட்டுப்பார்க்க வேண்டும்.

இவற்றால் ஊடகமோ, சந்தையோ, இணையத் தளமோ வேண்டா என்பது பெறப்படாது. கணிப்பு ஒரு கலை. அதன் எல்லையைச் சொல்லி வெளியிட்டால் அது பயன் தரும். விலைச் சுட்டெண் ஒரு கருவி. காய்ச்சலை அளக்கும் கருவியை நோயாளி என்று எவரும் கருதுவதில்லை. இணையத் தளம் ஒரு களம். அதன் விதிகள் வெளிப்படையாகவும் அனைவருக்கும் ஒன்றாகவும் இருப்பின் அது மக்களுக்கு உரியதாகும். இவை தம் எல்லை கடந்து மக்களின் இடத்தில் தாமே அமர்ந்துகொள்ளும்போது அதனைச் சுட்டிக்காட்டுவதே விமர்சனத்தின் பணி. நாளைக்கு நம்மிற் சிலர் செய்தி அறைகளில் அமர்ந்து, வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கப் போகின்றோம். சந்தை அஞ்சியது என்று எழுத நேரும்போது, பங்குகளை வைத்திருப்போருட் சிலர் விற்றனர் என்று எழுதுவது கடினமன்று. அவ்வாறு எழுதினால், அடுத்து வரும் வினா தானாகவே எழும்: விற்றவர் யார், வாங்கியவர் யார், வாக்களித்தவர் கேட்டது என்ன?